பொட்டோமாக் கரையில் இரவு தங்க: இலவசக் கூடாரமா, கார் போகும் முகாமா, லாக் காவலர் வீடா?

வாஷிங்டன் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பொட்டோமாக் ஆறு தெரியும். அதன் கரையோடு 184.5 மைல் (297 கி.மீ.) நீளத்துக்கு ஒரு தேசிய வரலாற்றுப் பூங்கா ஓடுகிறது என்பதும், அதில் மூன்று விதமாக இரவு தங்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஜார்ஜ்டவுனில் தொடங்கி மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை போகும் செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாய்தான் அது.

1828 ஜூலை 4 அன்று கால்வாய்க்கு மண் வெட்டினார்கள். பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்பாதைக்கும் அதே நாளில்தான் அடிக்கல். ரயில் 1842இலேயே கம்பர்லாந்தைத் தொட்டுவிட்டது. கால்வாய் போய்ச் சேர 1850 ஆயிற்று. நிலக்கரிப் படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து இழுத்தன. 1924 வெள்ளத்தோடு போக்குவரத்து நின்றது. பிறகு கால்வாயை ஒட்டிக் கார்ச் சாலை போடும் பேச்சு எழுந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் முழுத் தூரத்தையும் நடந்தே கடந்து எதிர்ப்பைத் திரட்டினார். 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. கழுதைகள் நடந்த அந்த மண்பாதைதான் இன்றைய டோபாத். எங்கே தங்கினாலும் அதன் ஓரமாகத்தான் தங்குகிறீர்கள். வாகனம், தண்ணீர், கழிப்பறை ஆகிய மூன்றில்தான் வித்தியாசம்.

நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உள்ள இலவச இடங்கள்

பாதை நெடுக ஏறக்குறைய 5 முதல் 7 மைலுக்கு ஒன்று என்று சுமார் முப்பது இடங்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து வந்தால் முதலில் வருவது 16.6ஆம் மைலில் உள்ள ஸ்வெயின்ஸ் லாக் (லாக் என்றால் படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி). கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. ஓர் இடத்தில் ஓர் இரவுதான். மறுநாள் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். குழுவில் எட்டுப் பேர் வரை இருக்கலாம்.

அங்கே இருப்பவை: ஒரு மேசை, தீ மூட்ட இரும்பு வளையம், ரசாயனக் கழிப்பறை, ஓர் அடிபம்பு. நம் ஊர் அடிபம்பு மாதிரியேதான்; முதலில் பல முறை வெறுங்காற்றை அடித்த பிறகே தண்ணீர் எட்டிப் பார்க்கும். ஐயோடின் சேர்த்த நீர் என்பதால் லேசான மருந்து வாடை இருக்கும். தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் சொந்தத் தண்ணீரைச் சுமந்து போவது நல்லது. நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவு வரை பம்புகள் ஓடாது. மற்ற மாதங்களிலும், நீர்ப் பரிசோதனையில் தேறாத பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். எனவே ஒரு பம்பை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டு, அதில் பாதியையாவது கையில் வைத்திருங்கள். ஆற்று நீரைக் கொதிக்கவைக்காமல் தொடவே வேண்டாம்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு இதை விஞ்சிய ஏற்பாடு கிடையாது. 297 கி.மீ. தூரத்தில் மொத்த ஏற்றமே 605 அடிதான். ஆனால் பாதை தார் அல்ல, பொடிக்கல்லும் களிமண்ணும். மழைக்கு மறுநாள் அந்தக் களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே புகுந்து இறுகி, சக்கரத்தை நிறுத்திவிடும். மெல்லிய ரோடு சைக்கிள் டயர் இங்கே உதவாது. 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். மணி கட்டாயம், வேக வரம்பு மணிக்கு 15 மைல்.

155ஆம் மைலில் வரும் பா பா சுரங்கத்துக்கு நெற்றி விளக்கு வேண்டும். 3,118 அடி நீளம், உள்ளே விளக்கே இல்லை. இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள். போகும்போது மரக் கைப்பிடிச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள்: படகு இழுத்த கயிறுகள் பல்லாண்டு உரசி அறுத்த பள்ளங்கள் விரலில் தட்டுப்படும். இந்தக் கால்வாயின் உழைப்பைப் புரிந்துகொள்ள எந்தத் தகவல் பலகையையும்விட அந்தப் பள்ளங்கள் போதும்.

கார் நேராகப் போகும் முகாம்கள்

மெக்காய்ஸ் ஃபெரி (110.4ஆம் மைல்), ஃபிஃப்டீன்மைல் க்ரீக் (140.9), ஸ்ப்ரிங் கேப் (173.3) ஆகியவை பூங்காவுக்குச் சொந்தமானவை. கட்டணம் உண்டு, ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கார் போகிறது என்பதற்காக வசதி கூடிவிடும் என்று நினைக்காதீர்கள். குளியலறையும் மின் இணைப்பும் கிடையாது. கழிப்பறை இங்கும் ரசாயனக் கழிப்பறைதான். லாபம் என்னவென்றால் ஐஸ் பெட்டி, பெரிய அடுப்பு, 20 லிட்டர் தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஏற்றிப் போகலாம். ராக்கூன் கிளறாமல் சாப்பாட்டை இரவில் காருக்குள் பூட்டலாம். மெக்காய்ஸ் ஃபெரியில் படகு இறக்கும் சரிவும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 அக்டோபரில், தளபதி ஸ்டூவர்ட்டின் தென்தரப்புக் குதிரைப்படை சேம்பர்ஸ்பர்க் தாக்குதலுக்காக ஆற்றைக் கடந்தது இந்தத் துறையில்தான்.

மெக்காய்ஸ் ஃபெரிக்குப் பக்கத்திலேயே மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் ஃபிரெடெரிக் பூங்கா இருக்கிறது. சிறு பிள்ளைகளோடு முதன்முறை வருகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். கால்வாய் இந்தப் பூங்காவின் ஊடாகவே போகிறது, முகாம் ஆற்றங்கரையில் இருக்கிறது, 1756இல் கட்டிய கற்கோட்டை நடந்து போகும் தூரத்தில் நிற்கிறது. வட அமெரிக்காவில் பிரிட்டனும் பிரான்சும் மோதிய பிரெஞ்சு-இந்தியப் போருக்காகக் கட்டிய கோட்டை இது; அமெரிக்க விடுதலைப் போரின்போது பிரிட்டன் பக்கம் போரிட்ட ஹெஸ்ஸிய (ஜெர்மானிய) படைவீரர்களை இங்கே சிறைவைத்தார்கள். பின்னர் நேதன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின விவசாயி இந்த நிலத்தை வாங்கிப் பயிர் செய்தார். ஐ-70 நெடுஞ்சாலையின் 12ஆம் வெளிவழியில் இறங்கினால் பக்கம்தான். மறுநாள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்ட டோபாத்தை விட, பக்கத்தில் பிக் பூலில் தொடங்கும் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் டிரெயில் நல்லது. தார் போட்ட சமதளம். ஹேன்காக் ஊர் சுமார் 10 மைல், அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

லாக் காவலர் வீடுகள்

படகைத் தொட்டிக்குள் விட்டு, கதவடைத்து, தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் சுமார் 8 அடி உயர்த்துவதும் தாழ்த்துவதும்தான் லாக். இந்தக் கால்வாயில் அப்படி 74. இரவு பகல் எந்நேரமும் படகு வரலாம் என்பதால் காவலர் அங்கேயே குடும்பத்தோடு குடியிருந்தார். அந்த வீடுகளில் சிலவற்றை சி அண்ட் ஓ கால்வாய் அறக்கட்டளை வாடகைக்கு விடுகிறது. முழு வீடும் உங்களுக்கே. எட்டுப் பேர் வரை தங்கலாம்.

பதிவு செய்யும்போது எண்ணைக் கவனியுங்கள், ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. 6, 10, 21 ஆகிய வீடுகளில் மின்சாரம், குழாய்த் தண்ணீர், சமையலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. 49இல் மின்சாரம் மட்டும். 22, 25, 28இல் இரண்டுமே இல்லை, கழிப்பறை வெளியே. ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றை ஹோட்டல் என்று நினைத்து எடுத்தவர்கள். விரிப்பும் போர்வையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வெளியே 15 அடி அகலமுள்ள லாக் குழி வாசலுக்கு எதிரிலேயே திறந்து கிடக்கும். தவழும், ஓடும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் அங்கே கண்ணை அகற்ற முடியாது. அந்தக் காரணத்துக்காகவே சிறு குழந்தை உள்ளவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். தாத்தா, பாட்டி, வளர்ந்த பிள்ளைகள் என்று போகும் குடும்பத்துக்கு 10ஆம் எண் வீடு அருமை. கனமழை வந்தாலும் தலைக்கு மேல் கூரை இருக்கும்.

எங்கே தங்கினாலும்

முதல் எதிரி ஆறு. மேலே மலைகளில் பெய்த மழை ஓரிரு நாள் கழித்து, வெயில் அடிக்கும் நேரத்தில் இங்கே வந்து சேரும். பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் அளவுமானியில் 16 அடி என்றால் வெள்ளம். கிளம்பும் முன் அந்த எண்ணைப் பாருங்கள், ஏறுமுகமாக இருந்தால் தள்ளிவையுங்கள். நீர்மட்டம் தாழ்ந்திருந்தாலும் கிரேட் ஃபால்ஸ் பக்கம் காலைக்கூட நனைக்காதீர்கள். அங்கே நீச்சலுக்குத் தடை; மேலே அமைதியாகத் தெரியும் நீரின் அடியில் இழுப்பு கடுமை.

அடுத்தது ரயில். பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் முதல் ஹார்பர்ஸ் ஃபெரி வரை சரக்கு ரயில்பாதை டோபாத்தை ஒட்டியே வருகிறது, இரவு முழுக்க ஓடும். 28ஆம் எண் வீட்டை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். தூக்கம் முக்கியமென்றால் காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். ஆஷ் (ash) மரங்களைக் கொல்லும் துளைப்பான் வண்டு அதில்தான் ஊர்விட்டு ஊர் போகிறது. கால்வாய்ப் பூங்காவில் தானாக விழுந்த காய்ந்த சுள்ளியைப் பொறுக்கலாம், ஆனால் மழைக்காலத்தில் அது பற்றாது. ஆகவே சமையலுக்குக் கேஸ் அடுப்பை நம்புங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இருந்தால் சாதம் வடித்தாலே இரண்டு வேளை முடிந்தது. குப்பைத் தொட்டி கிடையாது, எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வர வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை புல்லோரத்தில் உண்ணிகள் அதிகம், லைம் நோய் பரப்பும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகுங்கள். இரவு படுக்குமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம், பிள்ளைகளின் தலைமுடி ஆகியவற்றை விளக்கு வைத்துப் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுங்கள். திருகவோ, எண்ணெய் தடவவோ வேண்டாம்.