கோணல் அலகுக் குஞ்சு: தாயோடு விடுவதா, தனியே வளர்ப்பதா?

குஞ்சு பொரித்த ஏழாம் நாள், வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து விடுவதற்காக ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கும்போதுதான் பெரும்பாலும் அது கண்ணில் படும். மேல் அலகு நேராக இருக்கும். கீழ் அலகு மட்டும் ஒரு மயிரிழை அளவு பக்கவாட்டில் விலகியிருக்கும். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. மூன்றாவது வாரத்தில் பார்த்தால் இரண்டு அலகும் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போய்க் கொண்டிருக்கும். எலும்பு வளர வளரக் கோணலும் வளரும் என்பதால், முதல் வாரத்தில் தெரிவதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

நான்கு ஆண்டுகளில் எங்கள் தோட்டத்தில் இப்படி இரண்டு சிறுவிடை (நாட்டுக்கோழி வகை) குஞ்சுகள் பிறந்தன. முதலாவதைத் தாயோடு விட்டேன். இருபத்தாறாம் நாள் காலையில், கோழிகளை மூடி வைக்கும் கூடையான பஞ்சாரத்தைத் தூக்கியபோது இறந்து கிடந்தது. இரண்டாவதை வேறு விதமாக வளர்த்தேன். அது இன்று முட்டையிடும் கோழி. இரண்டே குஞ்சுகளை வைத்து விதி வகுக்க முடியாது; இரண்டின் கோணலும் ஒரே அளவும் அல்ல. ஆனால் முதலாவது ஏன் செத்தது என்பது எனக்குத் தெரியும். அது அலகால் சாகவில்லை, பசியால் செத்தது. தீனி எதிரிலேயே கிடந்தது.

எந்தக் கோணல்?

எங்கள் திண்டுக்கல் பக்கம் கிளிமூக்கு என்றாலே ஒரு மதிப்பு உண்டு. கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்கென்று கண்காட்சியே நடக்கும். அந்த வளைவு மேலிருந்து கீழே, நேர்க்கோட்டில் இறங்கும். அலகுகள் ஒன்றன்மீது ஒன்று பொருந்தும். சேவல் தடையில்லாமல் தின்னும். நான் பேசுவது பக்கவாட்டில் விலகும் கோணலைப் பற்றி. இதில் அலகின் நுனிகள் சந்திப்பதே இல்லை. இடுக்கியின் இரண்டு முனையும் சந்திக்காவிட்டால் ஒரு நெல்லைக்கூட எடுக்க முடியாது அல்லவா, அதே நிலைதான்.

காரணம் பல. பரம்பரையாக வரலாம். அடைகாப்புக் கருவியில் வெப்பம் தாறுமாறாகப் போனாலோ, முட்டைக்குள் குஞ்சின் தலை சரியான நிலையில் திரும்பாவிட்டாலோ வரலாம். தாய்க்கோழிக்கு பயோட்டின், மாங்கனீசு போன்ற சத்துகள் குறைந்திருந்தாலும் அலகும் எலும்பும் கோணலாகக் கூடும். பொரித்த பிறகு எதில் தப்பு என்று தேடுவதால் அந்தக் குஞ்சுக்குப் பயனில்லை. ஒரே சோடியிலிருந்து மறுபடியும் இப்படி வந்தால் மட்டும் அந்தச் சோடியைப் பிரிக்க வேண்டும்.

தாயோடு விடுவதும் தனியே எடுப்பதும்

தாயோடு விட்டால் சூட்டைப் பற்றிக் கவலையில்லை. முதல் வாரம் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு போகலாம். இந்தக் கணக்கையெல்லாம் அடைக்கோழி தன் இறக்கைக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும். காக்கை, பருந்து வந்தால் குரல் கொடுக்கும். மண்ணில் குளிக்க, நிழலுக்கு ஒதுங்க, மற்றவற்றோடு சேர்ந்து நடக்க எல்லாம் கற்றுக்கொடுக்கும். இந்தப் பயிற்சியை மனிதரால் கொடுக்க முடியாது.

ஆனால் தாய் ஊட்டும் முறைதான் இந்தக் குஞ்சுக்கு எமன். கோழி கிளறும், ஒரு கறையானையோ குருணையையோ கொத்தி எடுத்துக் கீழே போட்டுக் குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடிவந்து தரையிலிருந்து பொறுக்கும். தட்டையான தரையிலிருந்து பொறுக்குவதுதான் கோணல் அலகால் முடியாத வேலை. முதல் குஞ்சை நான் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அது சோர்ந்து நிற்கவில்லை. மற்றவற்றைவிட அதிகமாகத்தான் கொத்தியது. ஒவ்வொரு முறையும் மேல் அலகு நொய்யைத் தொடும். கீழ் அலகு தள்ளிப்போய் மண்ணில் குத்தும். நொய் அரை அங்குலம் விலகி ஓடும். குஞ்சு அதன் பின்னால் போய் மறுபடி கொத்தும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நன்றாகத் தின்னும் குஞ்சு. நானும் பல நாள் அப்படித்தான் நம்பினேன்.

அன்றைக்கு நான் செய்யாமல் விட்டது மாலையில் கையில் எடுத்து இரைப்பையைத் தடவிப் பார்ப்பது. கழுத்தின் அடியில், நெஞ்சின் வலப்பக்கமாக அது இருக்கும். பொழுது சாயும்போது நல்ல குஞ்சுக்கு அந்த இடம் சுண்டைக்காய் போலத் திரண்டிருக்கும். பட்டினிக் குஞ்சுக்குத் தோலும் எலும்பும்தான் விரலில் படும். இந்த ஒரு சோதனையை முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தால் அந்தக் குஞ்சு பிழைத்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சரி, முற்றிலும் தனியே எடுத்துவிட்டால்? அட்டைப்பெட்டி, குண்டு பல்பு, ஆழமான கிண்ணம். தின்பதற்கு வேண்டிய நேரம் கிடைக்கும், எவ்வளவு தின்றது என்பதும் தெரியும். ஆனால் ஒற்றைக் குஞ்சு ஓயாமல் கத்தும், கத்துவதிலேயே களைத்துப்போகும். ஆறு வாரம் கழித்துக் கூட்டத்தில் விட்டால், அது அங்கே அந்நியம். மற்றவை தலையிலேயே கொத்தும். திருப்பிக் கொத்த இதனிடம் அலகும் இல்லை. அதன்பின் ஆயுள் முழுக்கக் கூண்டுதான். வீட்டோடு வைத்துக் கொஞ்சி வளர்க்க நினைப்பவர்களுக்கு அது சரிப்படலாம். மேய்ச்சல் கோழி வைத்திருப்பவர்களுக்குச் சரிப்படாது.

இரண்டாவது குஞ்சுக்கு நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைப் பிடித்தேன். இரவும் பகலும் தாயோடு. தீனி நேரத்துக்கு மட்டும் தனி இடம். தாய் மேயும் இடத்துக்குப் பக்கத்திலேயே கோழிவலையால் ஒரு சிறு அடைப்பு. தாய் கண்ணில் தெரியும், அதன் குரல் கேட்கும், ஆனால் தாயால் உள்ளே வர முடியாது. ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். கூடவே அதனோடு ஒரே ஈட்டில் பொரித்தவற்றில் சாதுவான, சின்ன குஞ்சு ஒன்றையும் விட்டேன். துணையிருந்தால் கத்துவதில்லை, துணை தின்பதைப் பார்த்து இதுவும் வாயை வைக்கும். முரட்டுக் குஞ்சைத் துணைக்கு விட்டால் கிண்ணம் அதனுடையதாகிவிடும். உழைப்பு அதிகம் என்பது உண்மைதான். வேலைக்குப் போகிறவர்கள் காலை, மாலை இரண்டு முறையாவது இப்படி விட்டு, பகலில் அடைப்புக்குள்ளேயே துணையோடு வைத்திருக்கலாம். மூன்று வழிகளில் நான் யாருக்கும் பரிந்துரைப்பது இதைத்தான்.

தீனியும் கிண்ணமும்

தானியமா, தூள் தீவனமா, குழைத்த தீனியா, ஊட்டுவதா என்று கேட்பார்கள். கம்பும் நொய்யும் முழுதாகவோ உடைத்தோ கொடுத்தால் சின்னக் கோணலுக்கு மட்டுமே ஒத்துவரும். கடையில் வாங்கும் குஞ்சுத் தீவனம் உலர்ந்த தூளாக இருக்கும்போது, ஆழமாகக் குவித்து வைத்தால் அள்ளித் தின்னும். ஆனால் பாதி வெளியே சிதறும். ஈரமாகக் குழைத்ததுதான் பொதுவாக நல்லது. தோசை மாவைவிடக் கெட்டியாக, களியைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் அலகின் பக்கவாட்டில் ஒட்டும், நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைவிட நீர்த்துப்போனால் முகமெல்லாம் அப்பி, மூக்குத் துளையை அடைக்கும்.

குழைத்த தீனிக்கு ஒரு பெரிய குறை, நம் வெயில். காலையில் வைத்தது இரண்டு மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும். புளித்துக் கெட்டுப்போன தீனியும் பூசணம் பிடித்த தீனியும் குஞ்சைக் கோணல் அலகைவிட வேகமாகக் கொல்லும். வைத்த கால் மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துப் பெரிய கோழிகளுக்குப் போட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

தீனியைவிடக் கிண்ணம் முக்கியம் என்பது என் அனுபவம். எவர்சில்வர் தட்டு, பிளாஸ்டிக் டப்பா, மண் அகல் எல்லாம் வைத்துப் பார்த்தேன். கடைசியில் நிலைத்தது கொட்டாங்குச்சி. உள்வளைவு இருப்பதால் தீனி ஓடிப்போக முடியாது. குஞ்சு தலையைச் சாய்த்து ஓரத்தோடு உரசி அள்ளும்போது, இல்லாத அலகின் வேலையைச் சரிந்த சுவரே செய்கிறது. பாதியை மணலில் புதைத்து, விளிம்பு குஞ்சின் நெஞ்சு மட்டத்துக்கு வருகிற மாதிரி வைக்க வேண்டும். தின்னும் நேரம் முழுக்க இரண்டு அங்குல ஆழத்துக்குத் தீனி இருக்க வேண்டும்; அடியில் கொஞ்சமாக மிஞ்சியது இந்தக் குஞ்சைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம். கறையானைக்கூடத் தரையில் தட்டாமல் கொட்டாங்குச்சியில் தட்டுங்கள். அள்ளி அள்ளித் தின்னும்.

தண்ணீரும் அப்படியே. குஞ்சு மூழ்காமலிருக்கத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுவது வழக்கம். அந்தக் கல் இந்தக் குஞ்சின் குடிநீரைத்தான் பறிக்கும். அகலம் குறைந்த, ஆழமான சின்னக் கிண்ணம் வையுங்கள். உடல் விழ முடியாது, அலகு முழுதும் நனையும்.

ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயில் விடுவது அவசரத்துக்கு மட்டும். சற்றே தவறினாலும் தீனி மூச்சுக்குழலில் போகும். தொடர்ந்து ஊட்டினால் குஞ்சு தானாக அள்ளக் கற்றுக்கொள்ளாது. ஓரிரு நாள் நலிந்திருக்கும் குஞ்சைத் தேற்றுவதற்கு அது போதும்.

வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் இதையும் துணைக்குஞ்சையும் நிறுத்துக் குறித்து வைத்தேன். இது எப்போதும் பின்தங்கியேதான் இருந்தது; ஆனால் ஒரு வாரம்கூட எடை குறையவில்லை. பார்க்க வேண்டியது அதைத்தான்.

தேய்ப்பதா, விட்டுவிடுவதா

பண்ணைகளில் முட்டைக்கோழிக்குச் சூடான தகட்டால் அலகு வெட்டுவது வேறு, இது வேறு. அலகின் வெளிப்புறம் நம் நகம் போன்ற பொருள். வாழ்நாள் முழுக்க வளரும். நல்ல கோழி அதைக் கல்லிலும் மண்ணிலும் துடைத்துத் துடைத்துத் தேய்த்துக்கொள்ளும். கோணலான நுனிகள் எதிலும் உரசாததால் நீண்டுகொண்டே போகும். விட்டுவிட்டால் சில மாதங்களில் கோழி கிண்ணத்திலும் வாய் வைக்க முடியாத நிலை வரும்.

ஆகவே வளர்ந்த கோழிக்குத் தேய்க்கத்தான் வேண்டும். நகவெட்டியைவிட நகத்தைத் தேய்க்கும் அரம் நல்லது. துண்டில் சுற்றி மடியில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வெளிறிய அலகில் இரத்தம் ஓடும் பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு வெகு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். கறுத்த அலகில் எதுவும் தெரியாது. அங்கே நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிதளவு தேய்த்தால் வெட்டும் நிலையே வராது. இரத்தம் வந்துவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து மஞ்சள்தூள் வையுங்கள். நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வலி கண்ட கோழி ஒரு நாள் முழுக்கத் தின்னாது.

தேய்த்தால் நேராகும் என்று மட்டும் நம்ப வேண்டாம். கோணல் எலும்பில் இருக்கிறது. தினமும் விரலால் அழுத்தி நேராக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. முதல் குஞ்சுக்கு நான் அதையும் செய்தேன். ஒவ்வொரு முறையும் கையைக் கண்டதும் அது ஓடி ஒளியத் தொடங்கியதுதான் மிச்சம். குஞ்சாக இருக்கும்போது அலகைத் தொடாமலிருப்பதே மேல்.

வளர்க்க முடியாத குஞ்சு

இதையெல்லாம் செய்தும் இரண்டு நாள் தொடர்ந்து மாலையில் இரைப்பை வெறுமையாக இருந்தால், எடை இறங்கிக்கொண்டே போனால், கண்ணோ மண்டையோ சேர்ந்து கோணியிருந்தால், அதைப் பட்டினியில் இழுத்துக்கொண்டிருக்க விடாதீர்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு வலியில்லாமல் முடித்துவிடுவது அந்தக் குஞ்சுக்குச் செய்யும் உதவி. எந்த முயற்சியும் செய்யாமல் முதல் நாளிலேயே முடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. 'இருக்கும்வரை இருக்கட்டும்' என்று தாயோடு விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதுதான் மூன்றிலும் கொடியது. முதல் குஞ்சுக்கு நான் செய்தது அதுதான்.

பிழைத்து வளர்ந்த கோழிக்கு இன்னொரு தொல்லை, செல் எனப்படும் சிறு ஒட்டுண்ணிப் பூச்சி. இறகைக் கோதிச் சுத்தம் செய்ய முடியாததால் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் செல்லும் பேனும் பெருகும். அது மண்ணில் குளிக்க நிழலில் ஒரு குழி, அதில் சலித்த மணலும் அடுப்புச் சாம்பலும். இருந்தும் மாதம் ஒருமுறை இறகை விலக்கிப் பாருங்கள். வாயின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் தீனியை ஈரப்பஞ்சால் துடைத்துவிடுவதும் உங்கள் வேலைதான்.

எங்கள் கோழியின் முட்டைகளைச் சமைத்துச் சாப்பிடுகிறோம். அவற்றை அடை வைப்பதில்லை, பரம்பரையாக வரக்கூடியது என்பதால். ஆனால் இந்த மாதம் அது தானே அடையில் உட்கார்ந்துவிட்டது. விரட்ட மனம் வரவில்லை. வேறொரு கோழியின் முட்டைகள் ஒன்பதை அடியில் வைத்திருக்கிறோம். அலகின் பக்கவாட்டால் இழுத்து இழுத்து முட்டைகளைப் புரட்டுகிறது. இன்று பதினெட்டாம் நாள். தீனியைக் கொத்திக் கீழே போட்டுக் காட்ட அதனால் முடியாது என்பதால், குஞ்சுகளுக்குத் தாழ்வான தட்டு ஒன்றும் தாய்க்குக் கொட்டாங்குச்சி ஒன்றுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தட்டில் நானே விரலால் தட்டிக் கூப்பிட்டுப் பழக்கலாம் என்றிருக்கிறேன்.