கழிவுப்பாகுக்கான ‘சிறப்பு ஈஸ்ட்’ வாங்குவோர் கவனத்திற்கு

சர்க்கரை ஆலையோடு இணைந்த வடிப்பாலைகளில், அதாவது சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகை நொதிக்கவைத்து ஆல்கஹால் வடிக்கும் ஆலைகளில், நொதித்தல் பிரிவைக் கவனிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடை தொடங்கும் முன் எங்கள் ஆலைக்கு வந்த ஒரு விற்பனையாளர், 40 டிகிரி வெப்பத்தையும் 12 சதவீத ஆல்கஹாலையும் தாங்கும் தனி ரக ஈஸ்ட் என்று சொல்லி, வழக்கமான உலர் ஈஸ்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விலைக்கு ஒரு பருவத்துக்கான சரக்கை விற்றுச் சென்றார். பெட்டிகளில் இருந்தது ரொட்டிக்கடைகளுக்குப் போகும் சாதாரண ஈஸ்ட்.

அவருடைய துண்டறிக்கையில் இருந்த இரண்டு எண்களும் தனித்தனியே பார்த்தால் பொய்யல்ல. ஏமாற்று வேலை அங்கேதான் இருக்கிறது. ரொட்டி ஈஸ்ட் 38, 40 டிகிரியிலும் ஓரளவு வளரும். 28, 30 டிகிரியில், போதிய ஊட்டம் கொடுத்தால், வெறும் சர்க்கரைக் கரைசலில் 12 சதவீத ஆல்கஹாலையும் எட்டிவிடும். ஆனால் வெப்பம் ஏற ஏற, ஆல்கஹால் ஈஸ்டின் செல்சவ்வைக் குலைப்பதும் கடுமையாகிவிடுவதால், தனித்தனியே தாங்கிய இரண்டையும் ஒருசேரத் தாங்க அதனால் இயலாது. போதாக்குறைக்கு, கழிவுப்பாகில் செறிந்திருக்கும் பொட்டாசியம், கால்சியம் உப்புகளும், நாள்பட்ட பாகில் கூடிவிடும் அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களும் மூன்றாவது சுமையாக வந்து சேர்கின்றன. விற்பனையாளர் இணைத்திருந்த சோதனை அறிக்கையில், வெப்பச் சோதனை ஆல்கஹாலே இல்லாத வளர்ப்பு ஊடகத்திலும், ஆல்கஹால் சோதனை 30 டிகிரியில் வெள்ளைச் சர்க்கரைக் கரைசலிலும் நடத்தப்பட்டிருந்தன. கழிவுப்பாகு என்ற பேச்சே அந்த அறிக்கையில் இல்லை.

நொதித்தலே வெப்பத்தை உண்டாக்கும் வினை. அதைத் தணிக்கும் நீரோ, குளிர்விப்புக் கோபுரம் எவ்வளவு நன்றாக இயங்கினாலும், காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) கீழே இறங்காது. எனவே நம் ஊர்க் கோடையில் நொதிக்கலன் 35 டிகிரியைத் தாண்டுவது வியப்பில்லை. புதிய ஈஸ்ட் இட்ட கலன்களில் முதல் சில மணி நேரம் நுரை பொங்கி வழிந்ததைப் பார்த்துப் பலரும் மகிழ்ந்தார்கள். நுரையடக்க ஊற்றும் டர்க்கி ரெட் ஆயில் வழக்கத்தைவிட மிகுதியாகச் செலவாவதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. ஆல்கஹால் 6 சதவீதத்தை நெருங்கியதும் பிரிக்ஸ், அதாவது கரைசலில் கரைந்துள்ள சர்க்கரை முதலியவற்றின் அளவு, இறங்காமல் நின்றது. மெத்திலீன் நீலம் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, கண்ணில்பட்ட செல்களில் பாதிக்கு மேல் நீலமாக, அதாவது இறந்து கிடந்தன.

இழப்பின் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் பாகில் நொதிக்கும் சர்க்கரை 40 சதவீதம் இருந்தால், கோட்பாட்டின்படி ஏறத்தாழ 259 லிட்டர் ஆல்கஹால் கிடைக்க வேண்டும். 90 சதவீதத் திறனில் அது 233 லிட்டர். திறன் 80 சதவீதமாக விழுந்தால் 207 லிட்டர்தான். ஒவ்வொரு டன்னிலும் 26 லிட்டர் ஆல்கஹாலுக்கான சர்க்கரை கழிவுநீரோடு போய்விடும். ஈஸ்டுக்குக் கொடுத்த மிகை விலை இதன் முன்னே ஒன்றுமேயில்லை.

புகார் செய்தபோது, மிஞ்சியிருப்பது நொதிக்கவே முடியாத சர்க்கரை என்றார் விற்பனையாளர். இது கேட்பவரைத் திணறவைக்கும் பதில்; ஏனெனில் சர்க்கரையை அளக்கும் வேதிச் சோதனையான ஃபெலிங் முறையில், ஈஸ்டால் தொடவே முடியாத கருகல் பொருள்களும் சர்க்கரைக் கணக்கில் வந்துவிடும். நாங்கள் நின்றுபோன கலனின் வாஷை (நொதித்த திரவத்தை) கொதிக்கவைத்து ஆல்கஹாலை நீக்கி, ஆறவைத்து, இழந்த நீரை ஈடுசெய்து, நலமான வேறொரு ஈஸ்டை இட்டு மீண்டும் நொதிக்கவிட்டோம். மிச்சச் சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. நொதிக்கவே முடியாத சர்க்கரையாக இருந்திருந்தால் அது அசைந்திருக்காது.

அடுத்ததாக, காட்டு ஈஸ்ட் புகுந்து தன் ரகத்தை விரட்டிவிட்டது என்றார். பிரேசிலில் ஈஸ்டைப் பிரித்தெடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் ஆலைகளில் இது உண்மையாகவே நடந்திருக்கிறது: வெளியிலிருந்து இட்ட ரொட்டி ஈஸ்டைத் தொட்டிகளில் இருந்த காட்டு ஈஸ்டுகள் சில வாரங்களிலேயே விரட்டின, பிஇ-2, கேட்-1 போன்ற புகழ்பெற்ற ரகங்கள் அப்படிப்பட்ட தொட்டிகளிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டன. எங்கள் ஆலையிலோ ஒவ்வொரு கலனுக்கும் புதிதாக ஈஸ்ட் இடுகிறோம். ஒரு நாளைக்குள் காட்டு ஈஸ்ட் கலனையே கைப்பற்றிவிட்டது என்பதை நம்ப முடியாது.

புனேயில் உள்ள தேசியத் தொழில்சார் நுண்ணுயிர்த் தொகுப்பகத்திலிருந்து பெற்ற ரகம் ஒன்றை, அதே பாகில், அதே 35 டிகிரியில், குடுவைகளில் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டோம். அது நொதித்தலை முடித்தது. பெட்டியில் வந்ததையும் கடையில் வாங்கிய ரொட்டி ஈஸ்ட் பொட்டலத்தையும் டிஎன்ஏ ஒப்பீட்டுக்கு அனுப்பியதில், இரண்டின் டிஎன்ஏ பட்டைகளின் அமைப்பும் ஒன்றாகவே வந்தது. ஆயினும் பணம் திரும்பவில்லை. விலைப்பட்டியலில் ‘உலர் ஈஸ்ட்’ என்று மட்டுமே இருந்தது. ரகத்தின் பெயரோ, தொகுப்பக எண்ணோ, வாக்களித்த வெப்பமோ எங்கும் எழுதப்படவில்லை என்று காட்டி விற்பனையாளர் விலகிக்கொண்டார்.

இப்போது எங்கள் கொள்முதல் ஆணையில் ரகத்தின் பெயரையும் தொகுப்பக எண்ணையும் எழுதச் சொல்கிறோம். சோதனை எங்கள் பாகில், எங்கள் கோடை வெப்பத்தில், எங்கள் ஆய்வகத்தில் நடக்க வேண்டும். வாஷின் ஆல்கஹால் சதவீதத்தை மட்டும் காட்டினால் போதாது, உள்ளே சென்ற நொதிக்கும் சர்க்கரையின் எடைக்கு எவ்வளவு ஆல்கஹால் வந்தது என்று கணக்கிட்ட பிறகே தொகையில் பாதியை விடுவிப்போம் என்றும் சேர்த்திருக்கிறோம். ஒவ்வொரு சரக்கிலும் திறக்காத பெட்டி ஒன்று, இரு தரப்பின் கையொப்பத்தோடு முத்திரையிடப்பட்டு, பருவம் முடியும்வரை குளிரறையில் இருக்கும்.