ஃபோர்ட் டேவிஸா, மார்ஃபாவா, ஆல்பைனா: மேற்கு டெக்சஸில் எங்கே தங்கலாம்?

பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் வழியில் ஓரிரு நாள் தங்க ஊர் தேடினால் மூன்று பெயர்கள் வரும். மூன்றும் சின்ன ஊர்கள், மூன்றும் கவுண்டித் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தலைநகர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அரை மணி நேரக் கார் பயணம்தான். ஒரு காலத்தில் மூன்றும் ஒரே பிரெசிடியோ கவுண்டிக்குள் இருந்தன. அதன் தலைநகர் ஃபோர்ட் டேவிஸ். ரயில் பாதை மார்ஃபா வழியாகப் போனது. 1885-இல் தலைநகரும் அங்கே போய்விட்டது. 1887-இல் ஜெஃப் டேவிஸ் கவுண்டி தனியாகப் பிரிந்தபோதுதான் ஃபோர்ட் டேவிஸ் மறுபடி தலைநகரானது. ஆல்பைனின் ப்ரூஸ்டர் கவுண்டியும் அதே வருடம் பிரிந்ததுதான்.

வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஆல்பைன். சுமார் 6,000 பேர் வாழும் ஊர். மருத்துவமனை, பல்கலைக்கழகம், மளிகைக் கடை எல்லாம் உண்டு. வாரம் மூன்று நாள் ஆம்ட்ராக் ரயிலும் நிற்கிறது. ஆனால் பூங்காவும் இதே கவுண்டியில்தானே, பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ப்ரூஸ்டர் கவுண்டி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. பூங்காவின் தலைமையகத்துக்கு இங்கிருந்து 100 மைலுக்கு மேல்.

மார்ஃபாவில் 2,000 பேர்கூட இல்லை, ஆனால் வாடகை பெருநகர வாடகை. வார ஆரம்பத்தில் போனால் பல கடைகள் பூட்டிக் கிடக்கும். அங்கே போக ஒரே காரணம் போதும்: சிற்பக் கலைஞர் டொனால்ட் ஜட் பழைய ராணுவக் கொட்டகைகள் இரண்டில் வைத்துவிட்டுப் போன 100 அலுமினியப் பெட்டிகள். வெளி அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே, உள்ளமைப்பு மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஜன்னல் வெயில் நகர நகர ஒரு பெட்டி தண்ணீர் போலத் தெளிகிறது, பக்கத்துப் பெட்டி சாம்பலாக மங்குகிறது. அதற்கு அரை நாள் ஒதுக்கலாம், இரவு தங்கத் தேவையில்லை. எல்லோரும் படம் எடுக்கும் ‘பிராடா மார்ஃபா’, அதாவது பிராடா கடை போலவே அமைத்த கலைப்படைப்பு, மார்ஃபாவிலேயே இல்லை. வாலன்டைன் அருகே, ஜெஃப் டேவிஸ் கவுண்டியில் இருக்கிறது.

என் ஓட்டு ஃபோர்ட் டேவிஸுக்கு. நகராட்சிகூட இல்லாத ஊர், சுமார் 5,000 அடி உயரம். முழுக் கவுண்டிக்கும் சேர்த்தே 2,000 பேருக்குள்தான். 1854-இல் அமைத்த ராணுவக் கோட்டை ஊரை ஒட்டியே இருக்கிறது, காலையில் நடந்து பார்க்கலாம். ஆனால் இந்த ஊரின் சொத்து இருட்டு. மலைமேல் இருக்கும் மெக்டொனால்ட் வானாய்வகத்துக்காகச் சுற்றுவட்டாரத்தில் வெளி விளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. விளக்குகள் தரையைப் பார்த்தே எரிய வேண்டும். வானாய்வகத்தில் இரவு வானம் காட்டும் ஸ்டார் பார்ட்டிக்குப் போனால் டார்ச்சும் சிவப்பு வெளிச்சத்தில்தான். கண் பழக இருபது நிமிஷம் ஆகும். அதற்கப்புறம் பால்வீதி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரியும்.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1937-இல் நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரை யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு அழைத்து வேலை கொடுத்த ஆட்டோ ஸ்ட்ரூவதான் மெக்டொனால்டின் முதல் இயக்குநர். 1939-இல் திறந்த 82 அங்குலத் தொலைநோக்கி இப்போது ஸ்ட்ரூவ பெயரில் இருக்கிறது.

சரி, தேதி குறிக்கும்போது அமாவாசையை ஒட்டிப் பாருங்கள். ஸ்டார் பார்ட்டிக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.