“மழை வந்தால் பணம் வாபஸ், சாப்பாடு உட்பட” என்று சொன்னதை நம்பிப் போனோம்

பிள்ளைகளுடன் தீம் பார்க் போகப் பேக்கேஜ் எடுக்கப்போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் விற்றது பார்க் நிர்வாகம் அல்ல, டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி விற்கும் இடைத்தரகு நிறுவனம். பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் செய்த முறையை மட்டும் சொல்கிறேன். இதே முறையில் இன்னும் பலர் விற்கிறார்கள்.

நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், அறுபத்தெட்டு வயது மாமியார். இரண்டு மாதம் முன்பே பதிவு செய்தோம். நாங்கள் போகும் வாரத்தில் மதியத்துக்கு மேல் இடி மழை பெய்வது வழக்கம் என்று தெரிந்ததால் போனிலேயே கேட்டேன். “மழையைப் பத்தி யோசிக்கவே வேண்டாம் மேடம், மழை வந்தா முழுப் பணமும் திரும்ப வந்துடும். சாப்பாடும் இதுலயே அடங்கிடுது, உள்ள போய் ஒரு பைசா எடுக்க வேண்டாம்” என்றார் அந்த நிறுவனத்திலிருந்து போனில் பேசிய பையன். அவ்வளவு தெளிவாகச் சொன்னதால், எழுத்தில் அனுப்பச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கார்டில் கட்டுகிறேன் என்றேன். நேரடியாகக் கணக்குக்கு அனுப்பினால் தள்ளுபடி உண்டு என்றார். அனுப்பினோம்.

முதல் ஏமாற்றம் நுழைந்த அரை மணி நேரத்திலேயே. விளம்பரப் படத்தில் சின்னப் பிள்ளைகள் கைதூக்கிச் சிரிக்கிற அதே ரைடின் வாசலில் 120 செ.மீ. கோடு போட்டிருந்தது. என் மகன் 104. ரைடு ஊழியர் அவனை அனுமதிக்காதது முழுக்க முழுக்க சரி. மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பியும் தோள்பட்டைப் பூட்டும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். அழுகிறானே என்று யாராவது இரக்கப்பட்டு ஏற்றிவிட்டால்தான் ஆபத்து. என் கோபமெல்லாம் விற்றவர்கள் மேல்தான். என் மகனின் வயதையும் உயரத்தையும் படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, பெரிய ரைடுகள் எல்லாம் அடங்கிய முழுப் பேக்கேஜை அவன் தலையிலும் கட்டினார்கள். அன்று முழுவதும் அவன் ஏற முடிந்தது நான்கே நான்கில்.

வெயில் கொடுமையாக இருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். வானிலைச் செய்தியில் சொல்லும் வெப்பநிலை நிழலில் அளப்பது. கருந்தரை போட்ட வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கும்போது உடம்பில் படுவது அதைவிட எவ்வளவோ அதிகம். அதிலும் சின்னப் பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறிவிடும். மாமியாருக்கு பன்னிரண்டரை மணிக்கே தலை சுற்றியது. இலவசக் குடிநீர்க் குழாய் எங்கே என்று மூன்று பேரிடம் கேட்டோம், மூன்று திசையைக் காட்டினார்கள். இன்றைய தீம் பார்க்குகளுக்கு முன்மாதிரியான டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அனஹைம் நகரில் திறந்தபோதும் இதே கதிதான் என்று பின்னால் படித்தேன். கடும் வெயில், குழாய்களில் தண்ணீர் இல்லை, போலி டிக்கெட்டோடு வந்தவர்களால் கூட்டம் இரட்டிப்பாகி, சாப்பாடும் தீர்ந்துபோயிருக்கிறது. அது முதல் நாள், தடுமாறினார்கள். எழுபது வருடம் கழித்துமா?

ஒன்றரைக்கு வானம் இருண்டது. முதல் இடி கேட்டதும் வெளிப்புற ரைடுகள் அத்தனையும் நின்றன. இதிலும் ஊழியர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. உயரமான இரும்புச் சட்டத்தின் மேல் பிள்ளைகளை உட்கார வைத்து யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொரு இடிக்கும் அந்த அரை மணி நேரம் புதிதாகத் தொடங்கும். அப்படித் தொடங்கித் தொடங்கி மாலை ஐந்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஓடியவை இரண்டு ரைடுகள்தான்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். பேக்கேஜில் இருந்த கூப்பன் உள்ளே இருக்கும் பத்துப் பன்னிரண்டு உணவகங்களில் ஒரே ஒரு கூடத்தில் மட்டும்தான் செல்லும். அதுவும் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை. இது எங்களுக்குத் தெரிந்தது வேறொரு கவுண்டரில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு. மழைக்கு ஒதுங்கிய கூட்டம் முழுவதும் அந்தக் கூடத்தில்தான் இருந்தது. வரிசையில் நின்று கவுண்டரை அடைந்தபோது மூன்று பத்து. “டைம் முடிஞ்சிடுச்சு, இனி காசு கட்டித்தான் வாங்கணும்” என்றார்கள். மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, பசி தாங்க முடியாது என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. சொந்தப் பணம் கட்டி வாங்கிய சாப்பாட்டுக்குக் கெஞ்சினேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. கடைசியில் பரிமாறும் பாத்திரங்களில் மிச்சம் இருந்ததைப் போட்டுக் கொடுத்தார்கள். கீழே சூடேற்றும் அடுப்பு அணைந்திருந்தது, உணவு வெறும் வெதுவெதுப்பு.

சமைத்த உணவு 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைச் சாப்பிடக் கூடாது, சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே அதிகம். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பசியில் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டேன். அந்த உணவால்தான் என்று காட்ட மருத்துவச் சான்று எதுவும் என்னிடம் இல்லை. சாப்பிட்டது மகன், மகள், மாமியார் மூவரும்தான். அன்று இரவே மூவருக்கும் வாந்தி. சாப்பிடாத எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. மகனுக்கு விடியும்வரை கரண்டி கரண்டியாக உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் திட்டம் போட்டிருந்தது எல்லாம் போயிற்று.

ஊர் திரும்பியதும் பணத்தைக் கேட்டேன். அப்போதுதான் நிபந்தனைப் பக்கத்தின் பதினேழாவது வரியைக் காட்டினார்கள். மழை என்றால் மழை அல்லவாம். பார்க் “முழு நாளும் முழுமையாக மூடப்பட்டால்” மட்டுமே பணம் திரும்புமாம். உள்ளரங்க விளையாட்டுகள் ஓடிக்கொண்டிருந்ததால் அது “திறந்திருந்த நாள்”. போனில் சொன்னதை நினைவூட்டினேன். அப்படிச் சொல்ல எங்கள் ஊழியர்களுக்கு அதிகாரமே இல்லை என்று பதில் வந்தது. சமாதானமாக இரண்டு இலவச நுழைவுச் சீட்டு தந்தார்கள். வார நாள், முப்பது நாளுக்குள், மழைக்காலத்தில். ஐந்து பேருக்கு இரண்டு சீட்டு. வாங்கவில்லை.

வங்கியில் கேட்டபோதுதான் இன்னொன்று புரிந்தது. கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபம் பதிவு செய்து பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி இருக்கிறது. நானே விரும்பிக் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு அந்த வழி இல்லை. அந்தத் தள்ளுபடி எதற்கென்று இப்போது தெரிகிறது.

ஏற்கெனவே இப்படிப் பதிவு செய்துவிட்டவர்கள் இன்றைக்கே அவர்களுக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இந்தக் கேள்விகளை அனுப்புங்கள்: எத்தனை மணி நேரம் ரைடுகள் நின்றால் பணம் திரும்ப வரும்? கூப்பன் எந்தக் கவுண்டரில், எத்தனை மணிவரை செல்லும்? என் பிள்ளையின் உயரத்துக்கு எந்தெந்த ரைடு? போனில் கூப்பிட்டுப் பதில் சொன்னால் விடாதீர்கள், எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளியோ கைக்குழந்தையோ கூட வந்தால் அவர்களுக்கான உணவையும் தண்ணீரையும் உள்ளே விடுவார்களா என்று பார்க் நிர்வாகத்திடமே நேரில் கேளுங்கள். பல இடங்களில் விடுகிறார்கள், கேட்டால்தான் சொல்கிறார்கள்.

நான் எழுத்தில் புகார் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. “பரிசீலனையில் உள்ளது” என்ற ஒரே பதில் மூன்று முறை வந்திருக்கிறது. நேற்று இரவு அவர்கள் விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். “மழை வந்தால் பணம் வாபஸ்” அப்படியேதான் இருக்கிறது.