காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களுக்கு ஒருநாள் கோச் டூர் போட இருப்பவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில் இருக்கும் பைபரி, போர்டன்-ஆன்-தி-வாட்டர், ஸ்டோ-ஆன்-தி-வோல்ட், காசில் கூம் என்று நான்கு கிராமங்களையும் லண்டனிலிருந்து ஒரே நாளில் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி விற்கும் டூர் ஒன்றில் எங்கள் குடும்பம் ஏமாற்றப்பட்டது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி விளம்பரம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு ஒதுங்கினால், அதே சரக்கை வேறு பெயரில் வாங்கிவிடுவீர்கள். கோடையில் ஊரிலிருந்து பெற்றோரையும் உறவினர்களையும் வரவழைத்து, நல்ல இடமாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தான் இதில் சிக்குகிறார்கள். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். இருவருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், ஆனால் நடப்பதில் பிரியம் அதிகம். லண்டன் போதும், கல் வீடும் ஓடையுமாக இருக்கும் ஊர் ஒன்றைக் காட்டு என்று அவர்தான் கேட்டார். காரை வாடகைக்கு எடுத்துக் குறுகலான கிராமச் சாலைகளில் ஓட்டுவதைவிட டூர் நிம்மதி என்று நினைத்தோம். விளம்பரத்தில் இருந்தது இதுதான்: பதினாறு பேர் மட்டும் போகும் சிறிய வண்டி, கூடவே வரும் வழிகாட்டி, பழைய பப் ஒன்றில் மதியச் சாப்பாடு, ஒவ்வொரு ஊரிலும் நடந்து பார்க்கத் தாராளமான நேரம். ஆளுக்கு 95 பவுண்டு. நான்கு பேருக்கு 380.

காலையில் லண்டன் விக்டோரியாவில் வந்து நின்றது ஐம்பது இருக்கைக்குக் குறையாத பெரிய கோச். சிறிய வண்டி பழுதாகிவிட்டதா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அப்படி ஒரு வண்டி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன் இருக்கைத் தம்பதி வேறொரு தளத்தில், வேறொரு பெயரில், 59 பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள். பின்னால் இருந்த மாணவர்களின் டிக்கெட்டில் காசில் கூம் என்ற பெயரே இல்லை. ஒரே கோச்சின் இருக்கைகளைப் பல விற்பனையாளர்கள் ஆளுக்கொரு வாக்குறுதி கொடுத்து விற்றிருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு எந்த வாக்குறுதியும் தெரியாது. அவர் கையில் இருந்தது நேரம் போட்ட ஒரு தாள் மட்டும்.

வழிகாட்டி யாரும் ஏறவில்லை. ஒரு செயலியைப் பதிவிறக்கிக் காதில் மாட்டிக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மாமாவின் போனில் ரோமிங் இல்லை.

முதலில் நின்ற இடம் கிராமமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு தள்ளுபடிக் கடைத்தொகுதி. திட்டத்தில் இல்லாத இடம். அங்கே ஒன்றேகால் மணி நேரம் விட்டார்கள். மற்ற எந்த ஊரிலும் அவ்வளவு நேரம் தரவில்லை. ஓய்வு எடுக்கத்தான் நிறுத்துகிறோம் என்றார் ஓட்டுநர். ஓய்வு சட்டப்படி கட்டாயம்தான். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரமாவது ஓட்டுநர் ஓய்வெடுக்க வேண்டும். ஆனால் லண்டனிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த ஓய்வைக் கிராமத்தில் எடுத்திருந்தால் அத்தனை பேரும் இறங்கி நடந்திருப்போம்.

அப்புறம் பைபரி. அத்தை கேட்ட ஊர் இதுதான். ஆர்லிங்டன் ரோ என்று ஒரு வரிசை வீடுகள் அங்கே இருக்கின்றன. 1380-இல் மடாலயத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்புகளாக மாற்றினார்கள். முன்னால் ராக் ஐல் என்ற ஈரப் புல்வெளி. நெய்த துணியைச் சட்டங்களில் காயப்போட்ட இடம் அது. பக்கத்தில் கோல்ன் ஆறு, தெளிந்த தண்ணீரில் ட்ரவுட் மீன் நிற்பது தெரியும். இன்று அந்த வீடுகள் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் இருக்கின்றன. ஆட்கள் குடியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டுக் கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் இங்கிலாந்திலேயே அழகான கிராமம் என்று புகழ்ந்த ஊர்.

அங்கே கோச் நிற்கவில்லை. வேகம் குறைந்தது, அவ்வளவுதான். இடது பக்கம் ஆர்லிங்டன் ரோ என்று ஓட்டுநர் ஒலிபெருக்கியில் சொன்னார். நாங்கள் வலது பக்கம் உட்கார்ந்திருந்தோம். அத்தை இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எதிர்ப்பக்கத்தில் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களின் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். மரக்கிளைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறக் கல் கூரையின் ஒரு முனை தெரிந்து மறைந்தது. வண்டி பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறிவிட்டது. “என்னப்பா, இறக்கிவிடவே மாட்டாங்களா?” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. டூரின் விளம்பரத்தில் முதலில் வரும் படமே இந்த வரிசை வீடுகள்தான்.

இறங்க முடியாததற்குக் காரணம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பைபரி சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர். கோச்சுகள் வரிசை கட்டி நின்று, சாலை அடைபட்டு, நடைபாதையில் போகிறவர்கள் மீது உரசும் அளவுக்குப் போனதால், 2025-இல் குளஸ்டர்ஷயர் கவுண்டி கவுன்சில் ஊர் நடுவில் கோச் நிறுத்தும் இடங்களை எடுத்துவிட்டுக் கட்டுப்பாடுகளைச் சோதனையாகக் கொண்டுவந்தது. ஊர்க்காரர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. வீட்டு வாசலில் தினமும் இவ்வளவு கூட்டம் நின்றால் யார்தான் பொறுப்பார்கள்? கோபம் டூர் நிறுவனத்தின் மேல்தான். பெரிய கோச் அங்கே நிற்க முடியாது என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே பெரிய கோச்சில் பைபரியை விற்றிருக்கிறார்கள்.

போர்டனில் இறங்கவிட்டார்கள். நாற்பது நிமிடம். விண்ட்ரஷ் ஆறு கணுக்கால் ஆழத்தில் ஊர் நடுவே ஓடுகிறது, மேலே தாழ்வான கல் பாலங்கள், குழந்தைகள் காலை நனைத்துக்கொண்டு வாத்துகளோடு நிற்கிறார்கள். ஊரையே ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கல்லில் கட்டிய மாதிரிக் கிராமம் ஒன்று 1937-இலிருந்து இருக்கிறது. மாமாவுக்கு அதைப் பார்க்க ஆசை. ஆனால் அதே நாற்பது நிமிடத்தில் மதியச் சாப்பாடும் முடிக்க வேண்டும் என்றார்கள். பழைய பப் எங்கே என்று கேட்டால், ஒரு தேநீர்க் கடையின் கூப்பன் வந்தது. பில்லில் பத்து சதவீதம் தள்ளுபடி, மீதி நம் கையிலிருந்து. கடையின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கழிப்பறைக்கும் வரிசை. கோச்சின் கழிப்பறை காலையிலிருந்தே பூட்டிக் கிடந்ததால் அத்தைக்கு அந்த வரிசையில்தான் பாதி நேரம் போனது. கொண்டுபோயிருந்த புளிசாதத்தை ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டோம்.

ஸ்டோவில் அரை மணி நேரம். தேவாலயத்தின் வடக்கு வாசலில் இரண்டு யூ மரங்கள் கதவை அணைத்தபடி வளர்ந்திருக்கின்றன. அதை மட்டும் பார்த்தோம். திரும்பி வந்ததும் காசில் கூம் ரத்து என்றார் ஓட்டுநர். போக்குவரத்து நெரிசலாம்.

இங்கேதான் இந்த வியாபாரத்தின் அடிப்படை ஏமாற்று இருக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். போர்டனும் ஸ்டோவும் காட்ஸ்வோல்ட்ஸின் வடக்கே, பக்கத்துப் பக்கத்தில். காசில் கூம் தெற்குக் கோடியில், வில்ட்ஷயரில். ஸ்டோவிலிருந்து அங்கே போகவே நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லண்டனிலிருந்து பைபரிக்கு இரண்டு மணி நேரம், காசில் கூமிலிருந்து லண்டனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், நடுவில் இவை எல்லாம். இருக்கையில் மட்டும் ஆறு மணி நேரம். காட்ஸ்வோல்ட்ஸ் என்பது ஒரு ஊர் இல்லை. சுமார் 2,000 சதுர கிலோமீட்டர், ஐந்தாறு கவுண்டிகளில் பரந்து கிடக்கும் மலைப்பாங்கான நிலம். பத்து மணி நேர டூரில் ஒரு கடைத்தொகுதியையும் சேர்த்து இந்த நான்கு ஊரையும் நடந்து பார்க்க எந்த நாளிலும் முடியாது. அன்றைக்கு நெரிசலே இல்லாமல் இருந்திருந்தாலும் காசில் கூம் போயிருக்க மாட்டோம். போகும் எண்ணத்தோடு அந்தத் தாள் எழுதப்படவே இல்லை.

சரி, பணத்துக்கு என்ன ஆனது? டூர் நடத்தியவர்கள், உங்களுக்கு விற்றவரைக் கேளுங்கள் என்றார்கள். விற்றவர், பயணத்திட்டம் மாற்றத்துக்கு உட்பட்டது என்ற நிபந்தனையை ஒட்டி அனுப்பினார். இதோடு விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. சேவை பற்றி விற்பவர் சொன்னதை நம்பி நாம் வாங்கினால், அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். சொன்னபடி தராவிட்டால் விலையில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கலாம். பேக்கேஜ் டூர்களுக்கான 2018 விதிகள் இதற்கு உதவாது. இரவு தங்கல் இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் முடியும் பயணங்கள் அதில் வராது.

விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. பிறகு அந்தப் பக்கத்தில் பதினாறு பேர் என்ற வரியைத் தூக்கிவிட்டார்கள். கோச்சின் படம், கூப்பன், ஓட்டுநர் கொடுத்த நேரத்தாள் எல்லாவற்றையும் சேர்த்து வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப எடுத்துத் தரும் முறை, கேட்டோம். பாதிப் பணம் வந்தது. கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், விற்றவரோடு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவும் உண்டு, ஆனால் அது 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ. ஆளுக்கு 95 என்று தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் வங்கி அதைக் காட்டி மறுக்கலாம். இடைத்தரகர் மூலம் வாங்கினால் இன்னும் சிக்கல். ஆலோசனைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம், இலவசம்தான். வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகாரும் அவர்கள் மூலம்தான் போகும்.

டூர்தான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: வண்டியை ஓட்டப்போவது எந்த நிறுவனம், எத்தனை இருக்கை, ஒவ்வொரு ஊரிலும் இறங்கி நடக்க எத்தனை நிமிடம், எங்கே இறக்கிவிடுவீர்கள். கடைசிக் கேள்வி வயதானவர்களுக்கு ரொம்ப முக்கியம். காசில் கூமில் கார் நிறுத்துமிடம் மேட்டின் மேலே இருக்கிறது. ஊர் சரிவின் கீழே. திரும்பி ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். நிமிடக் கணக்கை எழுத்தில் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். ‘பனோரமிக் டிரைவ்’ என்று எந்த ஊரின் பெயருக்குப் பக்கத்திலாவது போட்டிருந்தால், அங்கே இறக்கிவிட மாட்டார்கள் என்று அர்த்தம்.

உண்மையில் டூரே தேவையில்லை. லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து மோர்டன்-இன்-மார்ஷுக்கு நேரடி ரயில் ஒன்றரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். அங்கிருந்து 801 பஸ் ஸ்டோ வழியாகப் போர்டனுக்குப் போகிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒருவழிக் கட்டணம் 2025 ஜனவரியிலிருந்து அதிகபட்சம் 3 பவுண்டு. மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால், நெரிசல் இல்லாத நேர ரயில்களில் குரூப்சேவ் என்ற சலுகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். செவ்வாய்க்கிழமை போனால் மோர்டனில் சந்தையும் உண்டு. அத்தையும் மாமாவும் ஊருக்குத் திரும்பும் முன் இந்த வழியில் அவர்களைக் கூட்டிப்போனோம். போர்டனில் அந்தக் குட்டி மாதிரிக் கிராமத்தை மாமா ஆசை தீரப் பார்த்தார். அத்தை ஆற்றில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டார், கிளம்பச் சொல்ல யாரும் இல்லை.

தெற்குப் பக்கம் பார்க்க வேண்டும் என்றால் லேகாக் போங்கள். பாடிங்டனிலிருந்து சிப்பன்ஹாமுக்கு ரயில், அங்கிருந்து பஸ். 1944-இல் மொத்த ஊரும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுக்கப்பட்டது. புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1835-இல் இங்கே தன் வீடான லேகாக் ஆபியின் ஜன்னலைப் படமெடுத்து உருவாக்கிய நெகடிவ்தான் இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. அந்த ஜன்னலை இன்றும் அங்கே பார்க்கலாம். ஊர் சமதரையில் இருப்பதால் நடப்பதும் சுலபம்.

பைபரிக்குப் பஸ் மிகக் குறைவு. அதற்கு மட்டும் கார் ஏற்பாடு செய்துகொண்டு, வார நாளில், காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். மற்ற ஊர்களுக்கும் ஞாயிறு பஸ்ஸை நம்ப வேண்டாம். மாலையில் கடைசி வண்டி சீக்கிரமே போய்விடும், திரும்பும் நேரத்தை முதல் நாளே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.