இலவசமா, கடனா, சலுகையா: கல்லூரிக் கட்டணத்துக்கு மூன்று வழிகள்

எங்கள் வீட்டில் என் கல்லூரிச் செலவுக்கான கணக்கு நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் போடப்பட்டது. அரசு கலைக் கல்லூரி என்பதால் கட்டணம் அந்தத் தாளில் நான்காவது வரியில்தான் வந்தது. அதற்கு மேலே பஸ், மதியச் சாப்பாடு, புத்தகம். அப்பா எழுதாமல் விட்ட ஐந்தாவது வரி ஒன்றும் உண்டு: படிக்கப் போகாமல் வேலைக்குப் போயிருந்தால் மாதாமாதம் நான் வீட்டில் கொடுத்திருக்கக்கூடிய பணம். மேலே இருந்த நான்கையும் கூட்டினாலும் அந்த ஐந்தாவதுக்கு ஈடாகாது.

கல்லூரிப் படிப்பை அரசு இலவசமாகத் தரவேண்டுமா என்ற வாதம் எங்கே நடந்தாலும் நான்காவது வரியைச் சுற்றியே நடக்கிறது. அதை அடித்துவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளை படித்துவிடும் என்கிறது ஒரு தரப்பு. அடித்தால் கஜானா காலியாகும், வசதியானவன் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து ஏழை வரி கட்டவேண்டியிருக்கும் என்கிறது மறுதரப்பு. இங்கே மூன்று வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். யாரிடமும் கட்டணம் வாங்காத இலங்கை வழி. இப்போது படி, சம்பாதிக்கும்போது கட்டு என்கிற ஆஸ்திரேலிய வழி. குடும்பத்தையும் பள்ளியையும் பார்த்துச் சலுகை தருகிற தமிழ்நாட்டு வழி. மூன்றிடமும் என் கேள்விகள் இரண்டு. இடம் யாருக்குக் கிடைக்கிறது? அந்தத் தாளின் மற்ற வரிகளை யார் கட்டுகிறார்கள்?

இலங்கை: வாசலில் கட்டணம் இல்லை, வாசல்தான் குறுகல்

இலங்கையில் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி 1945 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடு சுதந்திரம் அடைவதற்கும் முன்னால். அதற்குப் போராடிய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவை 1947 தேர்தலில் மக்கள் தோற்கடித்தார்கள் என்பது தனிக்கதை. இன்றைக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமோ பொறியியலோ படிக்கும் இலங்கை மாணவர் படிப்புக் கட்டணம் என்று எதையும் கட்டுவதில்லை. 1981 முதல் மகாபொல புலமைப்பரிசில் என்ற உதவித்தொகை வேறு பலருக்கு மாதாமாதம் கைக்கு வருகிறது. தனியார் மருத்துவக் கல்லூரிக்கு நிலத்தை விற்றுக் கட்டும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு இது சொர்க்கமாகத்தான் தெரியும்.

ஆனால் பள்ளி முடிவில் எழுதும் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். கட்டணம் இல்லாத இடத்தை அரசு தன் பணத்தில்தான் உருவாக்க வேண்டும். பணம் குறைந்தால் இடமும் குறையும். இருக்கும் இடங்களைப் பங்கிட ஒரு சூத்திரம் வேண்டும். கலைத்துறை நீங்கலாக இன்று நடைமுறையில் இருப்பது: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒவ்வொரு ஆண்டும் வெட்டுப்புள்ளி (சேர்க்கைக்கான குறைந்தபட்ச மதிப்பெண்) வெளியாகும் நாளில், பக்கத்து மாவட்டத்தில் பிறந்திருந்தால் பொறியியல் கிடைத்திருக்கும் என்று புலம்பும் வீடுகள் உண்டு.

இந்தச் சூத்திரத்தின் பழைய பெயர் தரப்படுத்தல். 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வகுக்கப்பட்டபோது, அதே மருத்துவ இடத்துக்குத் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுக்கவேண்டி வந்தது. பிறகு அது மாவட்ட ஒதுக்கீடாக மாறியது. பின்தங்கிய பகுதிகளுக்கு அதனால் நன்மை விளைந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்து இளைஞர்களிடம் அன்று மூண்ட கோபம் எங்கே போய் முடிந்தது என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போருக்குக் காரணம் இது ஒன்றே என்று சொல்வது மிகை. காரணங்களில் ஒன்று என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. இலவசக் கல்வியை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு பொருளுக்கு விலை வைக்காமல் அளவையும் கூட்டாமல் விட்டால், அதைப் பங்கிடும் அதிகாரம் முழுக்க அரசியலிடம் போய்விடும்.

விலையும் முழுதாக ஒழியவில்லை. பல்கலைக்கழக வாசலில் வாங்காத பணத்தை, பரீட்சைக்கு முந்தைய ஆண்டுகளில் தனியார் கல்வி நிலையங்கள் வாங்கிக்கொள்கின்றன. சேர்க்கையைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் ஒரு துளி உயர்வுக்காக மாலையும் வார இறுதியும் வகுப்பு. அந்தக் கட்டணத்தைக் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைதான் பிறகு இலவச இடத்தில் அமர அதிக வாய்ப்புள்ள பிள்ளை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் மலையகத்தில் நிலைமை இன்னும் கசப்பு. எல்லோருக்கும் கல்வி இலவசம் என்று 1945இல் அறிவித்த நாட்டில், தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியதே எழுபதுகளில்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் இலவசமாக இருந்து என்ன பயன்?

மிச்சமுள்ள முக்கால்வாசிப் பேர் வெளிவாரிப் பட்டம் (கல்லூரியில் சேராமல் தேர்வெழுதிப் பெறுவது), திறந்த பல்கலைக்கழகம், வெளிநாட்டுப் பட்டம் தரும் தனியார் நிறுவனங்கள் எனப் பிரிந்து போகிறார்கள். உள்நாட்டில் தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கும் முயற்சிகள் மட்டும் எடுபடவில்லை. எண்பதுகளில் தொடங்கிய வட கொழும்பு மருத்துவக் கல்லூரியை 1989இல் அரசு எடுத்துக்கொண்டது. கொழும்புக்கு அருகே மாலபேயில் தொடங்கியது, 2017இல் உச்சத்துக்குப் போன மாணவர் போராட்டத்துக்குப் பிறகு கைவிடப்பட்டது. இலவசக் கல்வியைக் காக்கப் போராடியவர்களின் அச்சம் நியாயமானதே. அதே வேளையில், அவர்கள் காத்த வாசலுக்கு வெளியே நின்றவர்களின் எண்ணிக்கை உள்ளே நின்றவர்களைவிட அதிகம்.

ஆஸ்திரேலியா: கடன்காரன் வருமான வரி அலுவலகம்

ஆஸ்திரேலியாவும் ஒரு காலத்தில் இலவசம்தான். 1974இல் விட்லம் தலைமையிலான தொழிற்கட்சி அரசு கட்டணத்தை ஒழித்தது. பதினைந்து ஆண்டு கழித்து, 1989இல், அதே தொழிற்கட்சிதான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. முதலில் எல்லாப் படிப்புக்கும் ஆண்டுக்கு 1,800 டாலர் என்ற ஒரே தொகை. புரூஸ் சாப்மன் என்ற பொருளாதார அறிஞர் வகுத்த திட்டத்தில் ஒரு நுட்பம் இருந்தது. சேரும்போது மாணவர் எதுவும் கட்ட வேண்டாம். படித்து முடித்து, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு, சம்பளத்தில் வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். வேலை போனால் பிடித்தம் நிற்கும். வங்கி வட்டி கிடையாது. விலைவாசிக்கு ஏற்ப நிலுவை மட்டும் ஏறும்.

இலவசத்தை ஏன் விட்டார்கள்? கேட்கிறவர்கள் கூட்டம் கூடியது, இடம் போதவில்லை. எல்லோருடைய வரிப்பணத்திலும் படித்து வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பத்தார் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. கட்டணப் பணம் வந்ததும் இடங்களைப் பெருக்க வழி பிறந்தது. கட்டணத்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஓடிவிடவில்லை என்பதைத் திட்டத்தின் ஆதரவாளர்கள் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

எனக்கு இந்த வழியின் மேல் மரியாதை உண்டு, மயக்கம் இல்லை. ஒருமுறை கட்டணம் என்ற குழாயைத் திறந்துவிட்டால் அதைத் திருகும் கை ஆட்சியாளருடையது. 2021இல் கலை, மானுடவியல் பாடங்களுக்கான மாணவர் பங்கை இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்த்தினார்கள். 2023 ஜூனில் விலைவாசிக் கணக்குப்படி நிலுவைகள் ஒரே நாளில் 7.1 சதவீதம் ஏறின. ஆண்டு முழுவதும் கட்டியும் கடன் குறையாமல் கூடியதைப் பார்த்துப் பட்டதாரிகள் கொதித்தார்கள். கடைசியில் 2025இல் எல்லோருடைய நிலுவையிலும் 20 சதவீதத்தை அரசு வெட்டியது. அப்போதுதான் கடனை முழுதாகக் கட்டி முடித்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

பிரிட்டனுக்குள் இந்த இரண்டு வழிகளும் எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்கின்றன. ஸ்காட்லாந்து தன் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, இடங்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இங்கிலாந்து 2012இல் ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை வாங்க அனுமதித்தது, 2015இல் இடங்களின் உச்சவரம்பை நீக்கியது. கட்டணத்தை உயர்த்தமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உயர்த்திய லிபரல் டெமாக்ரட் கட்சி, அடுத்த தேர்தலில் 57 நாடாளுமன்ற இடங்களிலிருந்து 8க்கு இறங்கியது.

ஜெர்மனியைக் காட்டி, அங்கே முடிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. முடிகிறது. 2006க்குப் பிறகு சில மாநிலங்கள் ஒரு பருவத்துக்கு 500 யூரோ வாங்கிப் பார்த்து, 2014க்குள் அனைத்தும் கைவிட்டன. ஆனால் அங்கே பெருந்தொகை இளைஞர்கள் தொழிற்பயிற்சிப் பாதையில் போய்விடுகிறார்கள், வரியும் கனம். அந்த இரண்டும் இல்லாமல் இலவசத்தை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

தமிழ்நாடு: சல்லடையும் சான்றிதழும்

தமிழ்நாட்டு வழியை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை, அடுக்கடுக்காகச் சேர்ந்தது. அரசுக் கலைக் கல்லூரிகளில் பெயரளவுக் கட்டணம். எண்பதுகளின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததால் பெருகிய இடங்கள். கலந்தாய்வு வழியே அந்த இடங்களுக்குப் போகும் முதல் பட்டதாரிகளுக்கு 2010 முதல் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, அவர்களுக்கான கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்பது. 2022 செப்டம்பரில் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய்.

விளைவு? 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. என் இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு மூன்று வழிகளிலும் துணிச்சலான பதில் இங்கேதான் இருக்கிறது. இடத்தைத் தனியாரை விட்டுப் பெருக்கு, விலை கொடுக்க முடியாதவனுக்கு விலையை அரசு கொடு. இரண்டாவது கேள்விக்கும் புதுமைப் பெண் ஒரு பதில் வைத்திருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கமும் பணமும் தந்துகொண்டிருந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் படிப்பு உதவியாக மாற்றினார்கள். பெண் மணமேடை ஏறும்போது கொடுத்த பணம், கல்லூரி பஸ் ஏறும்போது அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. பஸ்ஸும் சாப்பாடும் எழுதிய வரிகளைத் தொட்ட திட்டம் என்பதால் கட்டணச் சலுகைகளைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓட்டைகளும் உண்டு. அரசுப் பள்ளி என்ற சல்லடை நல்ல சல்லடை, ஆனால் ஆட்டோ ஓட்டி மகளை மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்த தந்தையைத் தவறவிடுகிறது. முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. படிக்காத பெரும் பணக்காரர் மகனும் வாங்கலாம். இதைச் சொல்லி வருமானச் சான்றிதழ் கேட்கவேண்டும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சில பணக்காரர்களை வடிகட்டுவதற்காக நாள்கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்தில் நிற்கப்போகிறவர்கள் மற்ற அத்தனை பேரும்.

பெரிய ஓட்டை வேறு. சலுகை தந்து தனியார் இடத்தை நிரப்பும் அரசு, தன் கலைக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக விட்டு, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறது. முதல் தலைமுறைப் பிள்ளைகள் மிகுதியாக வந்து சேர்வது அங்கேதான்.

சலுகை எட்டாதவர்களுக்கு இருப்பது வங்கியின் கல்விக் கடன். பெயர்தான் ஒன்று, ஆஸ்திரேலியக் கடனுக்கும் இதற்கும் உறவில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு ஆனதும் தவணை தொடங்கும். வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்று தவணை கேட்பதில்லை. நான்கு லட்சம் வரை பிணை வேண்டாம் என்று விதி சொல்கிறது. என் தம்பிக்காக நான் ஏறி இறங்கிய வங்கிக் கிளையில் அந்த விதியை வாசித்துக் காட்டிய பிறகும், மேலாளர் எங்கள் வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்டார். நான்கு மாதம் கழித்து வேறொரு கிளையில் கிடைத்தது. அதற்குள் முதல் ஆண்டுக் கட்டணத்தை அம்மாவின் வளையல் கட்டிவிட்டிருந்தது.

அப்படியானால் ஆஸ்திரேலிய வழியை இங்கே கொண்டுவரலாமா? ஆசையாக இருக்கிறது, அடித்தளம் இல்லை. அந்தத் திட்டம் நிற்பது எல்லோர் வருமானத்தையும் அறிந்த வரி அலுவலகத்தின் மேல். இங்கே மென்பொருள் நிறுவன ஊழியரிடம் மாதச் சம்பளத்தில் பிடிக்கலாம். திருப்பூரில் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்தவரிடம், துபாய்க்குப் போனவரிடம், கல்யாணத்துக்குப் பின் வேலையை விட்டவரிடம் யார் பிடிப்பது? கடைசியில் மாதச் சம்பளக்காரர் மட்டும் கட்டும் வரியாக அது சுருங்கும்.

இலங்கை வழி வேண்டுமா என்றால், கட்டணத்தை ஒழிப்பதற்கு முன் இடத்தை எண்ணிக் காட்டுங்கள் என்பேன். ஆகவே மூன்றில் குறைகளோடு தமிழ்நாட்டு வழிக்கே என் வாக்கு, ஆனால் செலவின் வரிசை மாறவேண்டும். அடுத்த ரூபாய் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகக்கூடாது. முதலில் அரசுக் கலைக் கல்லூரியின் காலிப் பணியிடங்களுக்கு. அடுத்து விடுதிகளுக்கு, தினமும் மூன்று பஸ் மாறி வருகிற மாணவி மழைக்காலத்தில் எத்தனை நாள் முதல் வகுப்பைத் தவறவிடுகிறாள் என்று எந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் தெரியும். அதற்கும் பிறகு அந்த 1,000 ரூபாயை உயர்த்தலாம். ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணின் மாதச் சம்பளத்தோடு அதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். அப்பா எழுதாமல் விட்ட வரி அது.