"விண்டோஸ் 10 செத்துப்போச்சுக்கா" என்று யாராவது சொன்னால் உடனே கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மனு, பத்திர நகல், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். 2016 கடைசியில் வாங்கியது. ஐ5 ஆறாம் தலைமுறை பிராசஸர், கம்பெனியே போட்டுக் கொடுத்த ஒரிஜினல் விண்டோஸ் 10. ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை.

போன அக்டோபரில் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஐப்பசி முகூர்த்தம் தொடங்கும் நேரம், கையில் பதினோரு பத்திரிகை ஆர்டர். டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். "14-க்கு அப்புறம் பேங்க் சைட் எதுவும் ஓபன் ஆகாதுக்கா. வைரஸ் உள்ளே வந்துடும். உங்க மெஷின் பழசு, டிபிஎம்னு ஒரு பாதுகாப்பு சிப் இல்லாம விண்டோஸ் 11 ஏறாது. நான் சிப் போட்டு ஒரிஜினல் 11 ஏத்தித் தர்றேன்" என்றார் அந்தத் தம்பி. 16-ஆம் தேதி ஆளை அனுப்பி சிபியூவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தீபாவளி முடிந்து 22-ஆம் தேதி சாயங்காலம் திரும்பி வந்தது.

விண்டோஸ் 11 லைசென்ஸ் 2,800, டிபிஎம் சிப் 1,800, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் 512 ஜிபி எஸ்எஸ்டி 3,200, சர்வீஸ் 800. மொத்தம் 8,600 ரூபாய். கொடுத்தது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. கடை முத்திரை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பணத்தை ஜிபேயில் போட்டேன்.

முதலில் தெரிந்தது ஃபான்ட் போனது. நான் வேலை செய்வது இன்னும் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில், பாமினியும் வானவில்லும் வைத்துத்தான். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறை பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்கள் இவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துச் செய்தவை. எழுத்துரு இல்லாத மெஷினில் அந்த ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் ஏற்று ஆணை போட்டது 2010-இல். எங்களைப் போன்ற கடைகளுக்குள் அது இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. சரி, பழைய டிஸ்க்கிலிருந்து ஃபான்டை எடுத்துக்கொள்ளலாம் என்று டி டிரைவைத் தேடினேன். டி டிரைவே இல்லை.

போன் செய்தால், "பழைய ஹார்டு டிஸ்க் எக்ஸ்சேஞ்சில போயிடுச்சுக்கா. அதனாலதான் எஸ்எஸ்டி இந்த ரேட்டுக்குக் கிடைச்சுது" என்கிறார். எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தையை என்னிடம் யாரும் சொல்லவே இல்லை.

ஒன்பது வருஷ வேலை அதில் இருந்தது. ஊர்க் கோயிலின் கட்டளைதாரர் பட்டியல், எத்தனையோ குடும்பங்களின் பத்திரிகை மாதிரிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதிய எங்கள் ஊர் வரலாறு. 140 பக்கம், நானே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தது. அச்சுக்குப் போவதற்குள் ஐயா காலமாகிவிட்டார். கையெழுத்து நோட்டுகள் மழையில் நனைந்து வீணாகிவிட்டன என்று அவர் வீட்டில் முன்பே சொல்லியிருந்தார்கள். மிச்சமிருந்தது என் டிஸ்க்கில் இருந்த பிரதி மட்டும். பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் கேட்காமல் இன்னொருவர் டிஸ்க்கை விற்றது என் தப்பு இல்லை.

நவம்பரில் அக்கா மகன் வந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சித்தி, இதுல ஒண்ணுகூட உண்மை இல்லை" என்றான்.

சிப்பிலிருந்து ஆரம்பித்தான். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, டி.பி.எம்., புள்ளி, எம்.எஸ்.சி. என்று அடித்தால் ஒரு பெட்டி திறக்கிறது. அதில் தயாரிப்பாளர் பெயர் ஐ.என்.டி.சி. என்று இருந்தது. அது இன்டெல்லைக் குறிக்கும். அதாவது அந்த வசதி என் பிராசஸரோடு சேர்ந்தே வந்தது, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைத்திருந்ததை ஆன் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பக்கவாட்டு மூடியைக் கழற்றி மதர்போர்டையும் காட்டினான். புதிதாக எந்தச் சிப்பும் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், சிப் இருந்தாலும் என் மெஷினில் முறைப்படி 11 ஏறாது. மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, ஏழாவதில் சில மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. என்னுடையது ஆறு. சோதனையைத் தாண்டிப் போகும் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றலாம், ஓடவும் செய்யும். ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. தெரிந்து செய்துகொள்பவர்கள் செய்யட்டும். என்னிடம் அதைச் சொல்லாமல் செய்ததுதான் மோசடி.

அடுத்து லைசென்ஸ். எஸ்.எல்.எம்.ஜி.ஆர்., ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்.பி.ஆர். என்று அடித்தான். நிரந்தர லைசென்ஸ் என்றால் நிரந்தரம் என்று காட்டுமாம். எனக்கு 2026 ஏப்ரல் 20-உடன் முடிகிறது என்று காட்டியது. மெஷின் வந்த நாளிலிருந்து 180 நாள். பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வர் வழியாக ஆக்டிவேட் செய்துகொள்ளும் முறையைத் திருட்டு டூல் வைத்து இதில் செய்திருக்கிறார்கள். 2,800 ரூபாய்க்கு நான் வாங்கியது அதுதான். எஸ்எஸ்டியும் பழசு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் ஏற்கெனவே 19,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது, அதாவது இரண்டு வருஷத்துக்கு மேல் இரவு பகலாக.

இதற்கு அப்புறம் அவன் காட்டியதில்தான் எனக்குக் கை நடுங்கியது. விண்டோஸில் உள்நுழைந்திருந்த கணக்கு என்னுடையது இல்லை, ஏதோ ஒரு தெரியாத இமெயில். கடையில் ஏற்றும்போது அவர்கள் கணக்கைப் போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். அதே கணக்கில், ஃபைல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் ஒன்டிரைவும் ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப்பில் நான் வைக்கும் ஒவ்வொரு ஃபைலும் அந்தக் கணக்குக்கு ஏறிக்கொண்டிருந்தது. என் டெஸ்க்டாப்பில் என்ன இருக்கும்? வாடிக்கையாளர்களின் ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ரேஷன் கார்டு. வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன்தான், ஆனால் அதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொன்னேன். திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான்.

தயவுசெய்து இப்போதே உங்கள் மெஷினில் செட்டிங்ஸ் திறந்து, அக்கவுண்ட்ஸ் பகுதியில் யாருடைய இமெயில் இருக்கிறது என்று பாருங்கள். வேறொருவருடையதாக இருந்தால் இன்றைக்கே நீக்குங்கள். டிரைவ் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியும் அந்தக் கணக்கில்தான் இருக்கும், அதனால் முதலில் பூட்டை எடுத்துவிட்டு அப்புறம் நீக்குங்கள்.

இத்தனைக்கும் நான் அந்தக் கம்ப்யூட்டரைக் கடைக்கே அனுப்பியிருக்க வேண்டியதில்லை. அக்டோபர் 14-க்குப் பிறகும் விண்டோஸ் 10 ஆன் ஆகும், எல்லாம் ஓடும். நிற்பது பாதுகாப்பு அப்டேட் மட்டும். அதையும் வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷம் நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம் கட்டலாம். இல்லையென்றால் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசே வேண்டாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு தெரியும். அந்த ஒரு வருஷத்துக்குள் பணம் சேர்த்து வேறு மெஷின் வாங்கியிருப்பேன்.

அக்கா மகன் அந்த எஸ்எஸ்டியை அடியோடு அழித்துவிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 10 இறக்கி ஏற்றினான். அதே மதர்போர்டு என்பதால் என் பழைய லைசென்ஸ் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. நீட்டிப்பிலும் என் சொந்தக் கணக்கில் பதிவு செய்தான். ஒரு ரூபாய் செலவில்லை.

கடைக்கு நேரில் போனேன். "எல்லாக் கடையிலும் இப்படித்தான்கா செய்றாங்க" என்றார். சிப் எங்கே என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. 1,800 ரூபாயை ஜிபேயில் திருப்பிப் போட்டார். மீதிக்கு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் கேட்டார்கள். துண்டுச் சீட்டின் போட்டோவும் ஜிபே விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் கொடுத்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. நீங்கள் மெஷினைக் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எனக்கு அந்தப் போட்டோ இருந்திருந்தால் என் டிஸ்க் எந்தக் கைக்குப் போனது என்று தேடவாவது முடிந்திருக்கும்.

ஐயாவின் ஊர் வரலாற்றுக்கு முதல் 60 பக்கம் புரூஃப் எடுத்த தாள்கள் பீரோவில் கிடைத்தன, ஓரமெல்லாம் அவர் கையால் திருத்தியவை. அதை வைத்து இப்போது யூனிகோடில் மறுபடி அடிக்கிறேன். 61-ஆம் பக்கத்திலிருந்து, காவிரி வெள்ளம் பற்றி எழுதிய அத்தியாயம், எங்கும் இல்லை.